பேனா சோறு போடுமா?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை நம்மைக் காண ஒரு தாயாரும் அவருடைய குமாரரும் வந்திருந்தார்கள். இருவரும் வந்தது ஒரே விஷயமாகத்தான். ஆனால் இருவருடைய வேண்டுகோளும் ஒன்றுக்கொன்று நேர் விரோதமாக இருந்தன.

"பாங்கு உத்தியோகத்தை விட்டுவிட்டு இனிமேல் எழுதிப் பிழைக்கப் போகிறானாம். நீங்கள்தான் இவனுக்கு நல்ல புத்தி சொல்ல வேண்டும், ஐயா" என்றார் தாயார்.

"எழுத்தும் ஒரு தொழில்தான் என்று நீங்களாவது அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள், ஐயா" என்றார் குமாரர்.

நம் நிலைமை தர்மசங்கடமாகி விட்டது. எழுத வேண்டாம் என்று நாம் சொன்னால், உப்பு விற்கிறவன் உப்புக்கு ருசி இல்லை என்று சொல்வது போலாகும். எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள் என்று சொல்லி விடலாம். ஆனால் மாதம் பிறந்தால் அந்த வீட்டுக்கு வாடகை கொடுக்கப் போகிறவர்கள் நாம் அல்லவே! ஆகவே, வழக்கறிஞர்கள் செய்வது போல், முதலில் தஸ்தாவேஜுகளைப் பார்க்கலாம் என்று சொன்னோம்.

குமாரர் தம் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். நாலு வருஷங்களுக்கு முன் அவர் எழுதிய ஒரு கதையை ஒரு பதிப்பகத்தார் தொகுதியில் சேர்த்து வெளியிட்டார்கள். சன்மானம் 1,500 ரூபாய். அதைப் பெற்றுக் கொண்ட சந்தோஷத்தில், நீட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார். கதைக்கு நல்ல பெயர் கிடைத்தது. இப்போது வேறொருவர் அதை ஒலிப்புத்தகமாக்க விரும்பி, முன்பு கிடைத்ததைப் போல் பல மடங்கு தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் பதிப்பகத்தாரோ, "சகல உரிமைகளும் எங்களைச் சேர்ந்தவை; உமக்கு இதில் பேச்சே இல்லை" என்று கடிதம் போட்டு விட்டார்கள்.

"பெற்ற பிள்ளைக்கு இவன் தகப்பன் இல்லையாம்! இந்தத் தொழிலை நம்பித்தான் பாங்கு வேலையை விடப் போகிறான்" என்றார் தாயார்.

அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தோம். அதில் எழுதியிருந்ததைக் காட்டிலும் எழுதாமல் விட்டிருந்தது நம் கவனத்தை அதிகமாகக் கவர்ந்தது. அது என்னவென்பதைப் பிறகு சொல்கிறோம். அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டியிருக்கிறது.

பரிசிலும் மானமும்

புலவன் தன் சொல்லைக் கொண்டு ஜீவனம் செய்வது நம் நாட்டில் இன்று நேற்று ஏற்பட்டதல்ல. சங்க காலத்துப் பாணரும் புலவரும் வள்ளல்களை நாடி நடந்தார்கள். பரிசில் பெற்றுத் திரும்புகிறவன், வழியில் எதிர்ப்பட்ட வறியவனைப் பார்த்து, இன்ன வழியாகப் போ, இன்ன வள்ளலைப் பார் என்று வழி சொல்வதற்கென்றே ஆற்றுப்படை என்று ஒரு தனி இலக்கிய வகை உண்டாயிற்று. எந்தப் பத்திரிகை நல்ல சன்மானம் தருகிறது என்று எழுத்தாளர்கள் இன்று தங்களுக்குள் பேசிக் கொள்கிறார்களே, அதற்கு இதுதான் பூர்வீகம்!

ஆனால் அந்தக் காலத்திலேயே பரிசிலைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. பெருஞ்சித்திரனார் என்னும் புலவர், மலையும் காடும் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்றார். அதியமானோ புலவரை நேரில் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதை ஏற்க மறுத்தார். தம் புலமையை அறிந்து, எதிரே இருத்திக் கொடுத்தால் தினையளவானாலும் போதும். பாராமல் தருவதைப் பெற்றுக் கொண்டு போகத் தாம் வியாபாரி அல்ல என்ற கருத்தில் அவர் பாடிய பாட்டுப் புறநானூற்றில் இருக்கிறது.

வறுமைப்பட்ட வீட்டை உடைய மனிதர் அவர். அப்படியிருந்தும் கேட்டது மரியாதையை. அரிசி பருப்பு வாங்க மரியாதை உதவாது என்பது உண்மை. என்றாலும் எழுத்தாளனுக்குத் தன் சரக்கின் மதிப்புத் தெரிந்திருக்க வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது.

அகராதி எழுதியவர் கதை

வள்ளல்களின் காலம் போய் அச்சுக்கூடங்களின் காலம் வந்தது. அரசனுக்குப் பதிலாகப் பதிப்பாளர் வந்து உட்கார்ந்தார். இந்த மாறுதலை முழுக்க அநுபவித்தவர் ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சாமுவேல் ஜான்ஸனைத்தான் சொல்ல வேண்டும்.

1737-இல் ஜான்ஸன் பிழைப்புத் தேடி லண்டன் மாநகருக்கு வந்தார். பத்திரிகைக்குக் கட்டுரை, மொழிபெயர்ப்பு, பிறருடைய நூலுக்கு முன்னுரை என்று கிடைத்ததை எல்லாம் எழுதினார். பார்லிமெண்டு விவாதங்களைக் கூடப் பத்திரிகைக்காக எழுதிக் கொடுத்தார். பாதிரிமாருக்குப் பிரசங்கமும் எழுதிக் கொடுத்துக் கூலி பெற்றார். சுயேச்சையாக எழுதி வாழும் இன்றைய எழுத்தாளர், விளம்பர வாசகமும் பாடப் புத்தகமும் படத்துக்கு வசனமும் எழுதுவதைப் பற்றி வெட்கப்படுவாரானால், இந்தப் பிரசங்கங்களை நினைத்துக் கொள்ளலாம்.

1746-இல் லண்டன் பதிப்பாளர்கள் சிலர் சேர்ந்து, ஆங்கில மொழிக்கு ஓர் அகராதி எழுதித் தரும்படி ஜான்ஸனோடு ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். தொகை 1,575 பவுன். அந்நாளில் அது பெருந்தொகை. மூன்று வருஷத்தில் முடித்து விடலாம் என்று ஜான்ஸன் மதிப்பிட்டார். முடிந்தது 1755-இல்! ஆறு உதவியாளர்களுக்கு உரிய கூலியும் அந்தத் தொகையிலிருந்தே கொடுக்க வேண்டியிருந்தது. மூன்று வருஷத்துக்குப் போட்ட கணக்கு ஏறக்குறைய ஒன்பது வருஷத்துக்கு எப்படிக் காணும்? அகராதி வெளிவருவதற்குள் பணம் கரைந்து விட்டது. அருமை மனைவியும் 1752-இல் காலமாகி விட்டார்.

ஆரம்பத்தில் செஸ்டர்பீல்டு பிரபுவை ஆதரவாளராக எண்ணி, அகராதியின் திட்டத்தை ஜான்ஸன் அவருக்குச் சமர்ப்பித்திருந்தார். பிரபு நெடுங்காலம் திரும்பிப் பார்க்கவில்லை. நூல் முடியும் தறுவாயில் மட்டும் அதைப் புகழ்ந்து பத்திரிகையில் எழுதினார். 1755 பிப்ரவரியில் ஜான்ஸன் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தண்ணீரில் தத்தளிக்கும்போது கரையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, கரையேறிய பிறகு உதவிக்கு வருகிறவர்தான் ஆதரவாளரோ என்று அதில் கேட்டார். பெருஞ்சித்திரனாருக்கும் ஜான்ஸனுக்கும் இடையே எத்தனையோ கடலும் எத்தனையோ நூற்றாண்டும் இருக்கின்றன. குரல் என்னவோ ஒன்றாகத்தான் கேட்கிறது.

அகராதியால் ஜான்ஸனுக்குப் புகழ் வந்தது. ஆனால் அடுத்த வருஷமே, ஆறு பவுனுக்கும் குறைவான ஒரு கடனுக்காக அவரைக் கைது செய்தார்கள்! நாவலாசிரியர் ரிச்சர்ட்ஸன் பணம் அனுப்பி மீட்டார். 1759-இல் தம் தாயாரின் மரணச் செலவை முன்னிட்டு, ஒரே வாரத்து மாலை நேரங்களில் 'ராஸெலாஸ்' என்ற கதையை எழுதி 100 பவுனுக்கு விற்றார். 1762-இல் அரசாங்கம் வருஷத்துக்கு 300 பவுன் உபகாரச் சம்பளம் அளித்த பிறகுதான் அவருக்கு அன்றாடக் கவலை நீங்கிற்று.

இத்தனைக்கும் 1710-ஆம் வருஷத்திலேயே இங்கிலாந்தில் பதிப்புரிமைச் சட்டம் வந்து விட்டது. நூலின் உரிமை ஆசிரியனைச் சேர்ந்தது என்று சட்டம் சொல்லிற்று. ஆசிரியன் என்ன செய்தான்? வயிற்றுக்காக, அந்த உரிமையை ஒரே மொத்தமாகப் பதிப்பாளரிடம் விற்று விட்டான். அகராதி பதிப்புக்கு மேல் பதிப்பாக விற்றது. தோட்டத்தை விற்றவனுக்கு மாங்காயில் பங்கு ஏது?

நாலு லட்சம் பிரதிகள்

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

பாரதியார் 1904-இல் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். பிறகு 'இந்தியா' பத்திரிகை. 1908 முதல் பத்து வருஷம் புதுச்சேரி வாசம். அங்கே எழுதிக் குவித்தவற்றுக்கு இன்று நாம் விலை மதிப்புச் சொல்ல முடியாது. அன்று அவருக்குக் கிடைத்தது மிகச் சொற்பம்.

பாரதியாரைக் கணக்குத் தெரியாத கவிஞர் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1920-இல் அவர் தம் எழுத்துக்களை எல்லாம் 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகளாக வெளியிடத் திட்டம் போட்டார். ஆக நாலு லட்சம் பிரதிகள்! அதற்கு வேண்டிய முதலை நண்பர்களிடம் வட்டிக்குக் கடனாகக் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். இனாமாகக் கேட்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். எழுத்தைத் தொழிலாகவும், தம்மை அத்தொழிலின் முதலாளியாகவும் கருதிய ஒருவரின் திட்டம் அது. நண்பர்கள் பணம் அனுப்பவில்லை. திட்டம் காகிதத்தோடு நின்றது. 1921 செப்டம்பரில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 39 கூட நிறையவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் விசேஷம். மனைவியார் செல்லம்மாள் பாரதி ஆசிரமம் என்ற பெயரில் நூல்களை வெளியிட முயன்றார். காலப்போக்கில் நூல்களைப் பதிப்பிக்கும் உரிமை பாரதியாரின் தம்பி சி. விசுவநாதனிடம் வந்தது. பாடல்களைத் திரைப்படம் முதலியவற்றில் பயன்படுத்தும் உரிமை பிரிந்து போய், கடைசியில் பட முதலாளி ஏ. வி. மெய்யப்பன் கைக்கு வந்தது. 1948-இல் 'பில்ஹணன்' என்ற படத்தில் பாரதியார் பாட்டு ஒன்று பாடப்பட்டபோது, அந்த உரிமையைப் பற்றி வழக்கு எழுந்தது. பாரதியார் பாடல்கள் நாட்டுக்குச் சொந்தமாக வேண்டும் என்று தமிழ்நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது. 1949-இல் சென்னை அரசாங்கம் உரிமைகளை ஏற்றுக் கொண்டது. மெய்யப்பன் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் எதுவும் பெறாமலே விட்டுக் கொடுத்தார்.

நாட்டுக்கு இது நன்மையாகவே முடிந்தது. ஆனால் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். எழுதியவருடைய ஜீவிய காலத்தில் நாலு லட்சம் பிரதிக்கு முதல் கிடைக்காத அதே எழுத்து, அவர் போய் இருபத்தேழு வருஷத்துக்குள் கோர்ட்டு ஏறும் சொத்தாகி விட்டது! அச்சு வேறு, திரைப்படம் வேறு என்று ஒரே பாட்டு இரண்டு சொத்தாகவும் பிரிந்து நின்றது. எழுத்தாளர் விற்கும் சரக்கு இன்னதென்பதை இந்த வழக்கைப் போல் விளக்கும் பாடம் வேறில்லை.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. பிறகு புத்தகமாயிற்று. 2022-லும் 2023-லும் இரண்டு பாகத் திரைப்படமாயிற்று. ஒரு கதை எத்தனை பிறவி எடுக்கும் என்று எழுதுகிற அன்று யாரால் சொல்ல முடியும்? முதல் பிறவிக்குக் கூலி வாங்கும்போதே பின்வரும் பிறவிகளை எல்லாம் சேர்த்து எழுதிக் கொடுத்து விடுவதுதான் எழுத்தாளர் செய்யும் பெரிய தவறு.

சட்டம் என்ன சொல்கிறது?

சுதந்திர இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் வருஷத்தியது. பிறகு பல முறை திருத்தப்பட்டது. எழுதுகிறவர் வீட்டில் பஞ்சாங்கத்தின் பக்கத்தில் வைக்க வேண்டிய சில விஷயங்கள் அதில் இருக்கின்றன.

எழுதியவர் வாழும் காலமும், அவர் மறைந்த பின் 60 வருஷமும் உரிமை நிலைக்கும். ஆகையால் எழுத்து என்பது பேரப் பிள்ளைகள் வரையில் போகக் கூடிய ஆஸ்தி.

பத்திரிகையில் சம்பளத்துக்கு எழுதுகிறவரின் எழுத்தில், வேறு விதமான ஒப்பந்தம் இல்லாவிட்டால், பத்திரிகையில் வெளியிடும் உரிமை முதலாளியைச் சேரும்; மற்ற உரிமைகள் எழுதியவருடையவை. சம்பளமில்லாமல் தாமாக எழுதி அனுப்புகிறவருக்கோ முழு உரிமையும் தம்முடையதே. சன்மானம் வாங்கிக் கொண்டதனால் மட்டும் அது கை மாறி விடுவதில்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் எழுத்து மூலமாகக் கொடுத்துக் கையெழுத்திட வேண்டும்.

அப்படி எழுதும் பத்திரத்தில் எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்தனை காலம், எந்தப் பிரதேசம் என்பதெல்லாம் குறிக்கப்பட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றே சட்டம் கொள்ளும். பிரதேசம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளும். உரிமை பெற்றவர் ஒரு வருஷத்துக்குள் அதைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, அந்த உரிமை காலாவதியாகி விடும். உரிமையை விற்ற பிறகும், "இதை எழுதியவன் நான்" என்று சொல்லிக் கொள்ளும் பாத்தியதை எழுதியவருக்கு உண்டு.

இப்போது அந்தக் காகிதத்துக்கு வருவோம். அதில் "சகல உரிமைகளும்" என்று இருந்ததே தவிர, எத்தனை காலம் என்று இல்லை. எந்தத் தேசம் என்று இல்லை. பயன்படுத்தாவிட்டால் என்ன என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. பதிப்பகத்தாரோ நாலு வருஷமாகியும் ஒலிப்புத்தகம் எதுவும் போடவில்லை. "இதை உடனே ஒரு நல்ல வக்கீலிடம் காட்டுங்கள். இவர்கள் பூட்டியிருப்பதாகச் சொல்லும் அறையின் கதவு ஒரு வேளை திறந்தே கிடக்கலாம்" என்று சொன்னோம்.

குமாரரின் முகம் மலர்ந்தது. தாயார் முகம் மட்டும் மாறவில்லை. "கதவு திறக்கட்டும், ஐயா. வேலையை விடலாமா, கூடாதா?" என்றார். அதுதானே வந்த விஷயம்!

ஒரு கணக்கு நோட்டு

நாம் ஒரு நோட்டுப் புத்தகத்தை வரவழைத்தோம். சென்ற பன்னிரண்டு மாதத்தில் எழுத்தினால் வந்த வரவை மாத வாரியாக எழுதும்படி குமாரரிடம் சொன்னோம். தை மாதம் தாராளம். மாசியும் பங்குனியும் பூஜ்யம். சித்திரையில் ஒரு மொழிபெயர்ப்பு. பிறகு மூன்று மாதம் வர வேண்டிய பாக்கி. கூட்டிப் பார்த்ததில், வருஷத்தில் நாலு மாதக் குடும்பச் செலவுக்குச் சரியாக இருந்தது.

இந்தத் தொழிலின் கஷ்டம் வரவு குறைவு என்பதோடு முடிவதில்லை. வரவு வருகிற தினம் தெரியாது. மளிகைக் கடைக்காரருக்கோ மாதம் தவறாமல் கொடுத்தாக வேண்டும். ஆகவே நாம் சொன்ன யோசனை இதுதான்: எழுத்து வரவு குடும்பச் செலவில் பாதிக்குக் குறையாமல் தொடர்ந்து ஒரு வருஷம் வரட்டும், ஆறு மாதச் செலவுக்குப் பணம் தனியே சேரட்டும், அது வரையில் பாங்கு உத்தியோகமே இவருடைய அதியமானாக இருக்கட்டும்.

அதோடு சில வழக்கங்களையும் சொன்னோம். கதையும் நாவலும் மனத்துக்கு. மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தம், பாடநூல், விளம்பரம் ஆகியவை அடுப்புக்கு. இரண்டும் வேண்டும். வேலையை ஒப்புக் கொள்ளும் முன் தொகை எவ்வளவு, எப்போது, எந்த உபயோகத்துக்கு என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கேட்பது அநாகரிகம் என்று நினைக்க வேண்டாம். கொத்தனாரும் தையற்காரரும் கேட்டுத்தான் வேலை தொடங்குகிறார்கள். அனுப்பியது எது, பிரசுரமானது எது, பணம் வந்தது எது என்று கணக்கு வைக்க வேண்டும். ஸ்தாபனங்கள் சன்மானத்திலிருந்து வருமான வரியைப் பிடித்துக் கொண்டு மிச்சத்தைத் தருவதுண்டு; அந்தச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி வருஷ முடிவில் கணக்குத் தாக்கல் செய்தால், அதிகமாகப் பிடித்தது திரும்பி வரும். எழுதுகிறவர்கள் பலர் இந்தப் பணத்தைக் கேட்காமலே விட்டு விடுகிறார்கள்.

குமாரருக்கு இந்த யோசனை முழுத் திருப்தி அளிக்கவில்லை. "ஜான்ஸன் இப்படிக் காத்திருந்தாரா?" என்று கேட்டார். "காத்திருக்கவில்லை, அதனால்தான் ஆறு பவுன் கூட இல்லாமல் சேவகன் கையில் அகப்பட்டுக் கொண்டார்" என்றோம். சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் கலந்திருந்தது. காத்திருக்கும் காலத்தில் எழுதாமல் போகும் கதைகளுக்கு நஷ்டஈடு யார் தருவார்கள்? அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை.

புறப்படும்போது தாயார் அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தம் பையில் வைத்துக் கொண்டார். "இனிமேல் கணக்கு நான் எழுதுகிறேன். இவன் கதையை எழுதட்டும்" என்றார்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. வக்கீல் அனுப்பிய நோட்டீஸுக்குப் பதிப்பகத்தார் இன்னும் பதில் எழுதவில்லையாம். குமாரர் பாங்குக்குப் போய் வந்து கொண்டிருக்கிறாராம். காலை நாலு மணிக்கு எழுந்து எழுதுகிறாராம். கடிதத்தின் அடியில் தாயாரின் கையெழுத்தில் ஒரு வரி: "பழைய பாக்கியில் ஒன்று நேற்று வசூலாயிற்று. நான்தான் போனில் கேட்டேன்."